வெளிக்குள் இருந்த வளி

தமிழில் வளி வேறு, வெளி வேறு. வளி என்றால் காற்று. வெளி என்றால் வெறுமையான இடம். இவ்விரு சொற்களையும் வகுப்பில் விளக்கும்போது பிள்ளைகள் வானத்தைத்தான் உதாரணம் காட்டுவார்கள்: "உடுக்களுக்கு நடுவுல ஒண்டுமே இல்லத்தானே, சேர்?" இக்கேள்விக்கான பதிலுக்கு நூறாண்டைத் தாண்டிய ஒரு வரலாறு உண்டு.

1904 இல் ஜேர்மனியின் பொட்ஸ்டாம் வானாய்வகத்தில் யொகான்னஸ் ஹார்ட்மன், ஒரியன் கூட்டத்தின் இடைவாரிலுள்ள ஓர் உடுவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தார். மின்டகா என்பது அந்த உடுவின் பெயர். இடைவார் எனப் பொருள்படும் அறபுச் சொல்லிலிருந்து வந்தது. அது ஒன்றையொன்று சுற்றும் உடுக்களின் கூட்டம். அவை எம்மை நெருங்கியும் விலகியும் சுற்றுவதால் நிறமாலைக் கோடுகளும் இங்குமங்கும் அசையும். ஆனால் கல்சியத்தின் கோடொன்று மட்டும் அவற்றோடு சேர்ந்து அசையவில்லை. கருவியின் கோளாறென்று ஹார்ட்மன் அதைத் தள்ளிவிடவில்லை. அந்தக் கல்சியம் உடுவுக்குரியதல்ல, இடைவழியில் கிடக்கும் வாயுவுக்குரியது என்ற முடிவுக்கு வந்தார். வெளிக்குள் வளி இருந்தது!

அந்த வாயு சும்மா கிடப்பதல்ல. பெரும்பாலும் ஐதரசனாலான அது குளிர்ந்து சுருங்கித்தான் புதிய உடுக்கள் பிறக்கின்றன. குளிர வேண்டுமானால் வெப்பத்தை வெளியே விட வேண்டும். அந்த வேலையைப் பெருமளவு செய்வது, அதில் சொற்பமாகக் கலந்துள்ள காபன். மின்னேற்றம் பெற்ற காபன் அணுக்கள் 158 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வெளியிடுகின்றன. அந்த ஒளியைப் பிடித்தால் உடுக்கள் பிறக்கும் விதம் விளங்கும். ஆனால் எமது வளிமண்டலத்தின் நீராவி அதை நிலத்துக்கு வர விடாது. மலை உச்சிக்குப் போயும் பயனில்லை.

அதனால்தான் பலூன். ஏறத்தாழ 36 கிலோமீற்றர் உயரத்தில் வளிமண்டலத்தின் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி கீழே போய்விடும். ஏன் அந்தாட்டிக்கா? அங்கு கோடையில் சூரியன் மறைவதில்லை. இரவுக் குளிரில் ஈலியம் சுருங்கிப் பலூன் தாழ்ந்துபோகும் தொல்லை இல்லை. மேற்காற்றும் துருவத்தைச் சுற்றியே அதனைக் கொண்டுபோகும்.

இப்பயணங்களில் ஆபத்தும் உண்டு. வாயு முகில்களில் கலந்துள்ள குளிர்ந்த தூசை ஆராய, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மார்க் டெவ்லின் தலைமையிலான குழு 'பிளாஸ்ட்' என்ற தொலைகாட்டியை 2006 டிசெம்பரில் அந்தாட்டிக்காவின் மக்மேர்டோ தளத்துக்கு அருகிலிருந்து ஏவியது. 11 நாட்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. இறங்கியபின் பரசூட் கழரவில்லை. காற்று அதை இழுக்க, தொலைகாட்டி பனித்தரையில் சுமார் 200 கிலோமீற்றர் இழுபட்டுச் சிதைந்தது. பல வருட உழைப்பு! ஆயினும் தேடிப் போனவர்கள் தரவுகள் இருந்த பெட்டியைக் கண்டெடுத்தார்கள். கருவி போயிற்று, பதிவு மிஞ்சியது. அப்பதிவிலிருந்து ஆய்வுகள் வெளிவந்தன. அத்தோடு நிற்காமல், மீளக் கட்டிய தொலைகாட்டி 2010 இலும் 2012 இலும் மறுபடி பறந்தது.

காபனின் ஒளியையே நேரடியாகத் தேடிச் சென்றது நாசாவின் 'கஸ்டோ'. அரிசோனா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தோபர் வோக்கர் தலைமையில், 2023 டிசெம்பர் 31 இல் மக்மேர்டோவுக்கு அருகிலிருந்து எழுந்து 57 நாட்களுக்கு மேல் பறந்தது. நாசாவின் பாரிய பலூன் பறப்புகளில் அதுவே மிக நீண்டது. எமது பால்வீதியோடு, அயலிலுள்ள பெரிய மகெல்லன் முகிலும் அதன் இலக்காக இருந்தது.

ஒரேயொரு கோடு அசையவில்லை என்பதில் தொடங்கிய தேடல் இது. அதை ஹார்ட்மன் அலட்சியம் செய்திருந்தால் அந்த வெளி இன்னும் சில காலம் வெறுமையாகவே எண்ணப்பட்டிருக்கும். "ஒண்டுமே இல்லத்தானே" என்று கேட்கும் பிள்ளைக்கு "இருக்கு" என்று சொல்வது இலேசு. இருப்பதை எப்படிக் கண்டார்கள், காண்பதற்காக எதையெல்லாம் இழந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பாடமாகும் என்பது எனது எண்ணம்.