போகோர் மலைச் சாலை

கம்போடியா என்றதும் நம் அங்கத்தினர்களுக்கு நினைவு வருவது அங்கோர்வாட்தான். குழுவாகப் போய் தரிசித்து வந்தவர்கள் நம்மில் அநேகர். அதே நாட்டின் தெற்கே, கம்போட் நகருக்கு அருகில், கடலைப் பார்த்தபடி நிற்கும் போகோர் மலைக்குப் போனவர்கள் சொற்பம். அதன் சரித்திரம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

ஆங்கிலேயருக்கு சிம்லா எப்படியோ அப்படித்தான் பிரெஞ்சுக்காரர்களுக்கு போகோர். சமவெளி வெயிலுக்குத் தப்ப, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு குளிர்வாச ஸ்தலத்தை உண்டாக்கினார்கள். 1917-ஐ ஒட்டி மலைச் சாலை வேலை தொடங்கியது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதையைப் போட்டவர்கள் கைதிகள். காய்ச்சலிலும் கடும் உழைப்பிலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 900 பேர் என்று சொல்லப்படுகிறது. 1925 பிப்ரவரி 14 அன்று ‘போகோர் பேலஸ்’ ஹோட்டல் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. 1928-ல் ஒரு கத்தோலிக்க தேவாலயமும் எழும்பியது.

அந்த வாழ்வு நீடிக்கவில்லை. 1940-களின் இறுதியில், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த போராட்டத்தின்போது, மலை கைவிடப்பட்டது. சிஹானூக் காலத்தில், 1962-ல், சூதாட்ட விடுதியுடன் மீண்டும் உயிர் பெற்றது. பத்தே வருஷங்களில், 1972-ல், கெமர் ரூஜ் படை நெருங்கவே மறுபடியும் காலியானது. 1979-ல் வியத்நாம் படை வந்தபோது கெமர் ரூஜினர் இந்த மலையைச் சில மாதங்கள் விடாமல் பிடித்திருந்தனர்.

1993-ல், அரச ஆணைப்படி மலையும் சுற்றியுள்ள காடும் தேசியப் பூங்காவாயின.

என் மகன் உத்தியோக நிமித்தம் நோம்பென்னில் இருந்தபோது, 2004-ல், முதன்முறையாக அங்கே போனேன். ஜீப்பில் எலும்பு நோகும் பயணம். மேலே மூடுபனி. கதவும் ஜன்னலும் இல்லாத ஹோட்டல். சுவரெங்கும் காவி நிறத்தில் பாசி படர்ந்திருந்தது. கூட வந்த வனக் காவலர் ஹோட்டலைக் காட்டுவதற்கு முன்பே, பெயர்ந்து கிடந்த சாலையைக் காட்டி, “இது கைதிகள் போட்டது” என்றார்.

2019-ல் மனைவியுடன் மீண்டும் சென்றேன். இடையில் எல்லாம் மாறிவிட்டது. 2000-களின் பிற்பகுதியில் மலையின் ஒரு பகுதி 99 வருஷக் குத்தகைக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் போயிருந்தது. வழவழப்பான புதுச் சாலை. 2012-ல் திறந்த பிரம்மாண்டமான ஹோட்டலும் சூதாட்ட விடுதியும். புதுப்பித்து 2018-ல் திறந்த பழைய பேலஸ். வண்டி ஓட்டிய இளைஞரிடம், சாலையைப் போட்டது யார் என்று கேட்டேன். “கம்பெனி” என்றார். அவர் சொன்னதில் பிசகில்லை. அவர் பார்த்த சாலை அதுதான்.

புதுப்பித்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் சில மழைக்காலங்களில் கட்டடமே சரிந்திருக்கலாம். உள்ளூர்க்காரர்களுக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. ஆனால் ஹோட்டலைப் பழையபடி நிறுத்தியவர்கள், அது வந்த வழியையும் நாலு வரியில் எழுதி வைக்கலாமே! நான் சுற்றிய இடங்களில் அப்படி ஒரு கல்வெட்டோ பலகையோ என் கண்ணில் படவில்லை. பாழடைந்து கிடந்தவரை, வருகிறவர்கள் “ஏன் இப்படி?” என்று கேட்டார்கள், கூட இருப்பவர் பதில் சொன்னார். இப்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அங்கோர் யாத்திரை போகும் அன்பர்கள் இரண்டு நாள் கூட்டிக்கொண்டு இங்கும் போய் வரலாம். ‘ஐந்து படகுகள்’ புத்தர் கோயிலும் போபோக்வில் அருவியும் மலை மேலேயே உள்ளன. மேலே நம் சாப்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். கம்போட்டிலிருந்து பழமும் ரொட்டியும் எடுத்துச் செல்வது உத்தமம். ஏறும்போது கூட வரும் பேரக் குழந்தைகளிடம் அந்தக் கைதிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.