தாயின் மனச்சோர்வு: குழந்தைக்கும் அது தெரியும்

பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுதால், "உடம்பு அசதி, போகப் போகச் சரியாகிவிடும்" என்று வீட்டார் விட்டுவிடுவது உண்டு. முதல் சில நாள்களில் வரும் மனக்கலக்கம் பல தாய்மாருக்கும் பொதுவானது, தானாகத் தெளிந்துவிடும். இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம்.

இதைக் குழந்தையும் உணர்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் நடத்திய ஆய்வில், குழந்தையுடன் கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சிறிது நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தார். குழந்தை சிரித்தும் கை நீட்டியும் அவரை அழைத்தது. பலனில்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாய் மீண்டும் கொஞ்சியதும் மெல்லத் தேறியது. அறுந்த தொடர்பு மீண்டும் ஒட்டுவதே பாசப் பிணைப்புக்கு முக்கியம் என்பது ட்ரோனிக்கின் கருத்து.

தாயின் மனச்சோர்வைக் கண்டறிய உதவுவது எடின்பரோ வினாப்பட்டியல். ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ் குழுவினர் உருவாக்கிய இது 1987-இல் வெளிவந்தது. கடந்த 7 நாள் மனநிலை பற்றிய 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 புள்ளிகள். புள்ளி கூடினால் மருத்துவர் மேலும் விசாரித்தே நோயை உறுதிசெய்வார். கடைசிக் கேள்வி, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அந்த எண்ணம் இருந்தால், மொத்தப் புள்ளி குறைவானாலும் உடனடி உதவி தேவை.

மலேசியத் தாய்மார் சுகாதார கிளினிக் தாதியிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்: 15555.