எல்லிஸ் தீவில் இமை புரட்டிய வைத்தியர்கள்

நியூயார்க் துறைமுகத்தில் 1892ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில், ஐரோப்பாவினின்றும் கப்பலின் அடித்தட்டில் அடைபட்டு வந்த ஏழைப் பிரயாணிகள் பெரிதும் அஞ்சியது கண் பரிசோதனைக்கே. டிரக்கோமா என்னும் தொற்று வியாதி 1897இல் அபாயகரமானவற்றுள் ஒன்றாக வகுக்கப்பட்ட பின்னர், வரிசையில் வந்தவர்களின் மேலிமையை, வைத்தியர் விரலாலோ, பூட்ஸின் பொத்தானை மாட்டும் கொக்கியாலோ நொடிப்பொழுதில் புரட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

வெளிச் சிவப்பு கடற்காற்றாலும் அழுகையாலும் நேரக்கூடுமாதலால், வியாதியின் லட்சணத்தை இமையின் உட்புறத்திலேயே தேட வேண்டியிருந்தது. ஆரோக்கியமான இமையின் உட்புறம் வழவழப்பாய், மெல்லிய ரத்த நாளங்கள் தெளிவாகத் தெரியும்படி இருக்கும். டிரக்கோமா கண்டதிலோ, அவித்த ஜவ்வரிசி போன்ற வெளிறிய மணிகள் எழும்பி, சவ்வு தடித்து, நாளங்கள் மறைந்துவிடும். நாட்பட்டால் வெண்தழும்பு விழுந்து, இமை உள்நோக்கிச் சுருண்டு, ரோமங்கள் கருவிழியை உராய்ந்து பார்வையைக் கெடுக்கும்.

சந்தேகத்துக்குரியவரின் மேலங்கியில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டுத் தனியே நிறுத்துவார்கள். வியாதி உறுதியானால், அநேகமாகத் திரும்பிப் போக வேண்டியதுதான். நோயாளியை ஏற்றிவந்த கம்பெனிக்கு 1903ஆம் ஆண்டுச் சட்டம் 100 டாலர் அபராதம் விதித்தமையால், ஐரோப்பியத் துறைமுகங்களிலேயே இமைகளைப் புரட்டிப் பார்க்கும் ஏற்பாடு வலுப்பெற்றது.

1907இல் ஜாவாத் தீவில் ஹால்பர்ஷ்டெட்டர், புரோவாசெக் என்னும் இரு விஞ்ஞானிகள் இந்நோயின் சூட்சும அடையாளங்களை நுண்ணோக்கியில் கண்டார்களெனினும், பலனளிக்கும் சல்பா மருந்துகள் 1930களின் இறுதியில்தான் கைக்கு வந்தன. அதற்குள் பெருங்குடியேற்றத்தின் காலமே முடிந்துபோயிருந்தது.