கன்றுக்குச் சொன்ன வாக்கு

1942 ஏப்ரல் 9ஆம் திகதி முற்பகல், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அன்று அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர்களை 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் தேடியெடுத்துக் கரைசேர்த்தது.

இறந்தவர்களின் நாட்டில் அப்போது வேரா லின் பாடிய பாட்டொன்று எல்லோர் வாயிலும் இருந்தது. பிரிந்தவர் மறுபடி கூடுவர் என்று ஆறுதல் சொல்லும், 1939இல் வந்த பாட்டு. குண்டு போட்டவர்களின் நாட்டிலும் ஒன்று இருந்தது: யூஜி கோசெகி இசையமைத்து 1937இல் வெளிவந்த 'ரோயெய் நோ உதா'. தமிழில் 'பாசறைப் பாட்டு' என்று சொல்லலாம். வென்று திரும்புவோம் என்ற சபதத்தோடு தொடங்கி, போகப் போகச் சாவின் பக்கம் சாயும் பாட்டு அது. ஆக, நம் கரையிலிருந்து சில கடல்மைல் தூரத்தில் மோதிக்கொண்ட இரு தரப்பாருக்கும் வீடு திரும்பும் பாட்டொன்று சொந்தமாக இருந்தது.

நமக்கும் இருக்கிறது, இவற்றுக்கெல்லாம் மிக மூத்ததாய். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிதான். பத்துப்பாட்டில் அதுவே சிறியது. போருக்குப் போன அரசனை நினைந்து அரசி வாடுகிறாள். கார்காலத்து மாலை. முதிய பெண்கள் நாழி நெல்லும் முல்லைப்பூவும் தூவித் தொழுது, நற்சொல் கேட்க நிற்கிறார்கள். அவர்கள் காதில் விழுவது அரண்மனைச் செய்தியன்று. சிறு கயிற்றில் கட்டுண்டு, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்கு, குளிரில் கைகளைத் தோளோடு கட்டிக்கொண்டு நிற்கும் இடைப்பெண் ஒருத்தி சொல்லும் தேறுதல். மேயப்போன தாய்ப்பசுக்கள் வந்துவிடும் என்கிறாள், அவ்வளவுதான். அந்தச் சொல்லைத்தான் அரசியிடம் கொண்டுபோகிறார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரையில் மாட்டுப்பட்டி பார்த்தவர்களுக்கு இந்த இடத்துக்கு உரை தேவையில்லை. பொழுது படும் நேரத்தில் கன்றுகள் கத்துகிற கத்தல் வாவிக்கு இக்கரையிலும் கேட்கும்.

நப்பூதனாரை நான் போற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் பாசறையையும் பாடினார். அங்கே அரசனுக்கு உறக்கமில்லை. புண்பட்ட யானைகளை நினைக்கிறான். அம்பு தைத்த வலியில் செவி சாய்த்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகளை நினைக்கிறான். தனக்காகப் பட்ட வீரர்களை நினைக்கிறான். அரசன் தேரேறித் திரும்பி வருகிறான். அந்த வீரர்கள் வருவதில்லை. வெற்றிப் பாட்டுக்குள்ளேயே அவர்களுக்கும் இடம் வைத்த புலவரின் மனம் பெரிது.

திரும்பாதவர்களுக்கான அந்த இடத்தை மட்டக்களப்பில் வடமோடிக் கூத்து விரித்துக் காட்டிற்று. 'பதின்மூன்றாம் போர்' என்ற பாரதக் கூத்தில் அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் புகுகிறான். உள்ளே போக வழி தெரியும்; வெளியே வர வழி தெரியாது. வட்டக்களரியில் அண்ணாவியாரின் மத்தளமும் சல்லாரியும் ஏறி ஏறி வர, கரப்புடுப்பும் சதங்கையுமாக அந்தப் பிள்ளை சுற்றிச் சுற்றி ஆடுவான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தைக் கொண்டுசென்றபோது, படித்தவர்கள் அதன் ஆட்டத்தையும் தாளக்கட்டையும் கண்டு வியந்தார்கள். ஊரில் களரியைச் சுற்றிப் பாய் விரித்திருந்த பெண்கள் அதை வேறுவிதமாகப் பார்த்தார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கட்டத்தில் பெண்கள் அவன் தாய் சுபத்திரைக்காக அழுதார்கள். உள்நாட்டு யுத்த ஆண்டுகளுக்குப் பிறகு ஒருமுறை அதே கூத்துக்குப் போனேன். அபிமன்யு விழுந்ததும் எனக்கு முன்னாலிருந்த வயோதிப மாது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். விடியப்புறம் மங்களம் பாடி முடிந்தது. அபிமன்யுவாக ஆடிய பொடியன் உடுப்பைக் களைந்துவிட்டு வியர்வை வடிய வெளியே வந்தான். அந்த அம்மா எழும்பிப் போய் அவன் கன்னத்தைத் தடவி, "சாப்பிட்டியா மனே?" என்று கேட்டார்.