ஈரல் நோயாளிக்கு மூச்சுத்திணறல் ஏன்?

ஈரல் சுருங்கி நோய் முற்றியவருக்கு மூச்சு வாங்கினால் சளி, இதயம் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஈரலும் காரணமாகலாம்.

வயிற்றில் சேரும் நீர் உதரவிதானத்தை மேலே தள்ளும். அதே நீர் நெஞ்சறைக்குள்ளும், பெரும்பாலும் வலப்பக்கம், கசியும். உப்பைக் குறைப்பது (கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடாது), நீர் பிரியும் மாத்திரை, தேவைப்பட்டால் ஊசியால் நீர் எடுப்பது ஆகியவை இதற்குச் சிகிச்சை.

வேறு சிலருக்கு நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். இவர்களில் சிலருக்கு உட்கார்ந்தால் திணறல் கூடும், படுத்தால் தணியும். "எழுந்து உட்காருங்க அத்தா" என்று வற்புறுத்தாமல், மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். நிலையான தீர்வு ஈரல் மாற்று அறுவை சிகிச்சையே.

நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழுமாறு நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. உட்கார்ந்தால் திணறுபவர் படுத்தே தொழலாம். அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக!