அப்பாவோட நோக்கியாவும் ஸ்ரீபெரும்புதூரும்

போன ஞாயித்துக்கிழமை மந்தைவெளி வீட்டுல பரண் சுத்தம் பண்ற வேலை என் தலையில விழுந்துது. (வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி பிடுங்குறது பத்தாதுன்னு ஞாயித்துக்கிழமையும்!) பழைய பித்தளைப் பாத்திரத்துக்கு நடுவுல அப்பாவோட நோக்கியா 1600 கிடைச்சுது. 2006-ல தி.நகர்ல வாங்கினது. மூடியைக் கழட்டி பேட்டரியை எடுத்தா, உள்ளே ஸ்டிக்கர்ல 'மேட் இன் இந்தியா'. அப்பா எட்டிப் பார்த்துட்டு, "நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல பண்ணதுடா"ன்னாரு, ஏதோ அவரே பக்கத்துல நின்னு திருகாணி முடுக்கின மாதிரி.

கொசுவத்தி சுத்திக்கோங்க மக்களே. சென்னைக்கு செல்போன் வந்தது 1995-ல, ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார்னு ரெண்டு கம்பெனி மூலமா. அப்போ நமக்கு வர்ற காலுக்கும் நாமதான் காசு கட்டணும். 2003-லதான் இன்கமிங் இலவசம் ஆச்சு. அதே வருஷம் நோக்கியா 1100 வந்துது: டார்ச், தூசி புகாத கீபேட். உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்த போன் அது. எல்லார் கையிலயும் செல்போன் வந்ததுக்கு இந்த ரெண்டும்தான் காரணம்னு நான் சொல்லுவேன். கால் சென்டர், ஐ.டி. எல்லாம் அப்புறம்தான்.

இவ்வளவு விக்குற ஊர்லயே செஞ்சா என்னன்னு 2005-ல நோக்கியா தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டுது. 2006 தொடக்கத்துல உற்பத்தி ஆரம்பம். சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், துறைமுகமும் ஏர்போர்ட்டும் கிட்டக்க. சார்ஜர் செய்யற சால்காம்ப், பாக்ஸ்கான்னு சப்ளையர் கம்பெனிகளும் அதே சிறப்புப் பொருளாதார மண்டலத்துல குடியேறினாங்க. மலிவு போன் மலிவா இருந்ததுக்கு இந்த அக்கம்பக்கமும் ஒரு காரணம். 2011-க்குள்ள 50 கோடி போன் இங்கிருந்து போயாச்சு. உச்சத்துல சுமார் 8,000 பேர் நேரடி வேலை, பாதிக்கு மேல பொண்ணுங்க. பிளஸ் டூ முடிச்சுட்டு சுத்துப்பட்டு ஊர்கள்லேர்ந்து கம்பெனி பஸ்ல வந்தவங்க.

நடுவுல 2007 ஆகஸ்ட். பி.எல்.-5சி பேட்டரி சூடாகுதுன்னு நோக்கியாவே அறிவிச்சுது. மட்சுஷிடா கம்பெனி 2005 டிசம்பர்லேர்ந்து 2006 நவம்பர் வரைக்கும் தயாரிச்ச 4 கோடியே 60 லட்சம் பேட்டரிதான் சந்தேகம், மாத்தித் தர்றோம்னு. ஆனா தெருவுல அது 'செல்போன் வெடிக்குது'ன்னு ஆயிடுச்சு. எங்க வீட்டுல அப்பா பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு 26 எழுத்து நம்பரைப் படிக்க, நான் ரூல்டு நோட்டுல எழுதினேன். மூணு தரம் சரி பார்த்தோம். எங்களுது நல்ல பேட்டரி. இருந்தாலும் பாட்டி ஒரு மாசம் போனை சமையல்ரூம் பக்கம் விடலை.

சிரிச்சாச்சா? இனிமே சொல்றது சிரிக்கிற விஷயம் இல்லை. 2010 அக்டோபர் 31-ஆம் தேதி அந்தத் தொழிற்சாலையில ஒரு இளம் பெண் தொழிலாளி இயந்திரத்துல கழுத்து மாட்டி இறந்துபோனாங்க. வயசு 22. ஸ்னேக் விளையாடின நாங்க யாரும் அந்த செய்தியைப் படிச்சதா ஞாபகம் இல்லை. நான் படிச்சது காலேஜ் முடிச்சதுக்கப்புறம்தான்.

அடுத்தது வரி வழக்கு. என் தொழிலோட சம்பந்தப்பட்டதுங்கறதால இங்க கொஞ்சம் ஜல்லியடிக்கிறேன், பொறுத்துக்கோங்க. போனுக்குள்ள ஏத்தற சாப்ட்வேருக்கு இங்கிருந்த கம்பெனி பின்லாந்து தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பிச்சுது. அது பொருள் வாங்கினதுக்கான விலையா, இல்லே ராயல்டியா? ராயல்டின்னா வரி பிடிச்சிருக்கணும். வருமான வரித்துறை ராயல்டிதான்னு சொல்லி 2013-ல 2,000 கோடி ரூபாய்க்கு மேல நோட்டீஸ் அனுப்பிச்சுது. 2014-ல மாநில அரசும் தன் பங்குக்கு சுமார் 2,400 கோடி வாட் வரி கேட்டுது. நடுவுல நோக்கியா போன் வியாபாரத்தையே மைக்ரோசாப்ட் வாங்கிருச்சு. 2014 ஏப்ரல்ல கைமாறினப்போ வழக்குல சிக்கின சென்னைத் தொழிற்சாலையை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க. விருப்ப ஓய்வுத் திட்டத்துல ஆயிரக்கணக்கான பேர் வெளியே. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்னுபோச்சு.

வரி மட்டும்தான் கொன்னுச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். ஆண்ட்ராய்டு வந்து நோக்கியாவை ஏற்கெனவே பாதி சாய்ச்சிருந்துது. வழக்கு இல்லேன்னா மைக்ரோசாப்ட் இந்த இடத்தையும் எடுத்திருக்கும், ஆனா கொஞ்ச வருஷத்துல அவங்களே போன் கடையை மூடினாங்களே! எப்படியும் 25 வயசுல வேலை போன பொண்ணுங்களுக்கு இந்த ஆராய்ச்சியால என்ன பிரயோஜனம்? அவங்க கத்துக்கிட்ட வேலைக்கு அப்போ பக்கத்துல வேற ஆளே இல்லை, பாக்ஸ்கானும் அதே சமயத்துல அங்க மூடிருச்சு.

கொடுமை என்னன்னா, 2018-ல இந்தியாவும் பின்லாந்தும் பேசி, நோக்கியா 20 கோடி யூரோ சொச்சம் கட்டி விவகாரத்தை முடிச்சுது. 2021 மார்ச்ல, வேற கம்பெனிகளோட வழக்குகள்ல, வெளிநாட்டு சாப்ட்வேர் வாங்கினதுக்குக் குடுக்கற பணம் ராயல்டி ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிருச்சு. ஏழு வருஷம் லேட்டு.

பூட்டிக் கிடந்த இடத்தை வாங்கப்போறதா 2019-ல அறிவிப்பு வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? பக்கத்துலயே சார்ஜர் செஞ்சுக்கிட்டிருந்த அதே சால்காம்ப். குடியிருந்தவர் ஹவுஸ் ஓனர் வீட்டையே வாங்கின கதை. அதே வருஷம் பாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர்ல ஐபோன் செய்ய ஆரம்பிச்சுது. இப்பவும் கம்பெனி பஸ்ல பொண்ணுங்க போறாங்க, செய்யற போன் விலைதான் அவங்க சில மாச சம்பளம்.

சரி, நம்ம 1600. ரிச்சி தெருவுல பி.எல்.-5சி பேட்டரி இன்னமும் கிடைக்குதுங்க, எப்.எம். ரேடியோ டப்பாவுக்கெல்லாம் அதைத்தானே போடுறாங்க. வாங்கிட்டு வந்து போட்டேன். ரெண்டு கை குலுக்கிக்கிட்டு ஆன் ஆச்சு. ஜியோ சிம் உதவாது, அதுல 2ஜி கிடையாது. அம்மாவோட ஏர்டெல் போட்டோம், டவர் வந்துது. இந்த மாடல்ல கடிகாரம் வாய்விட்டு நேரம் சொல்லும். அப்பா பட்டனை அழுத்தினாரு. ராத்திரி எட்டு மணிக்கு, பன்னெண்டு மணி மூணு நிமிஷம்னு சொல்லுச்சு. "நேரம் நான் செட் பண்றேன், குடு"ன்னு வாங்கிட்டுப் போனவர் இன்னும் திருப்பித் தரலை. உள்ளேர்ந்து ஸ்னேக் சத்தம் வருது.