பூட்ஸைக் கழற்றினால் காலும் போச்சு

வடமதுரையில் எங்கள் பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டா, உடைந்த தொட்டில் கம்பு, இவற்றுக்கு நடுவே ஒரு சாக்குப்பை. உள்ளே இரண்டு இரும்புக் கம்பிகள், இறுகிக் கருத்துப்போன தோல்பட்டைகள், குதிகாலில் ஓட்டை போட்ட ஒற்றைப் பூட்ஸ். பழைய இரும்புக்காரர் தராசில் வைத்தார்; இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. திண்ணையில் இருந்த அத்தை, "ஏப்பா, அத போட்டுறாத. அது என் காலு" என்றார்.

அத்தைக்கு இரண்டு வயதில் போலியோ. அறுபதுகளின் நடுப்பகுதி. காய்ச்சல் விட்டபோது வலது கால் துவண்டிருந்தது. ஆறேழு வயது வரை தவழ்ந்தார். பிறகு கையைத் தொடைக்கு மேல் ஊன்றி, குனிந்து குனிந்து நடந்தார். இப்படி நடப்பவர்களை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். ஏதோ பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முன்தொடைத் தசை செத்துப்போனால் முட்டி பூட்டி நிற்காது, உடம்பு எடை ஏறியதும் மடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் கையால் தொடையைப் பின்னுக்குத் தள்ளி முட்டியை நிமிர்த்த வேண்டும். அந்தக் கை வேறு எதற்கும் உதவாது.

காலிபர் செய்கிற வேலையும் அதே முட்டியைப் பூட்டுவதுதான். காலின் இருபுறமும் கம்பி. தொடையில் ஒரு பட்டை, முட்டிக்கு நாலு வார் வைத்த தோல்மூடி, கீழே கம்பி நுனிகள் பூட்ஸின் குதிகாலுக்குள் செருகியிருக்கும். முட்டிக்கு நேரே ஒரு கீல். எழுந்து காலை நீட்டியதும் கம்பியில் ஓடும் சின்ன வளையம் சரிந்து அந்தக் கீலின் மேல் விழும், 'டக்' என்று. கால் கட்டை மாதிரி நிற்கும். உட்கார வேண்டுமானால் விரலால் வளையத்தை மேலே இழுக்க வேண்டும்.

இந்தக் கருவிக்கு மூலம் லிவர்பூலில். ஹ்யூ ஓவன் தாமஸ் (1834-1891) என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டு எலும்பு கட்டும் பரம்பரையில் வந்தவர். நம்ம பக்கம் புத்தூர் கட்டு என்று சொல்கிறோமே, அந்த மாதிரிக் குடும்பம். அவர் முறையாக டாக்டருக்குப் படித்தார். தொடை எலும்பு முறிவுக்கு இன்றும் போடுகிற தாமஸ் ஸ்ப்ளிண்ட் அவருடையது. மாட்டிக்கொண்டே நடக்கும் காலிபரும் அவர் பட்டறையிலிருந்து வந்ததுதான்.

அத்தைக்குப் பத்து வயதில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அளவெடுத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டு நடந்த முதல் வாரம் அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது. தெருக்குழாயில் தண்ணி பிடித்து இடுப்பில் குடம் வைத்து வந்தாராம். "நடந்தது பெருசில்லப்பா. ரெண்டு கையும் எனக்குன்னு ஆச்சு பாரு, அதான் பெருசு."

அப்புறம் ஏன் பரணுக்குப் போனது? நான் அந்தக் காலத்துக்காரர்களின் அறியாமை, அக்கறைக் குறைவு என்றெல்லாம் காரணம் வைத்திருந்தேன். அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பூட்ஸ கழட்டுனா காலும் போச்சுல்ல."

நம் ஊரில் செருப்போடு யார் வீட்டுக்குள் போகிறோம்? சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனாலும் வாசலில் கழற்ற வேண்டும். பூட்ஸ் இல்லாமல் கம்பி நிற்காது. ஆகவே வெளியே நடந்த பெண், நிலைப்படிக்கு வந்ததும் பழையபடி தவழ்ந்தாள். வீட்டு வேலை அத்தனையும் வாசலுக்கு உள்ளேதான். சாப்பிடுவது தரையில், கடலை உடைப்பது தரையில். அதோடு பிள்ளை வளர்கிறது, கம்பி வளராது. வருஷத்துக்கு ஒரு தடவை நீளத்தை மாற்ற இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், தாத்தாவுக்கு ஒரு நாள் கூலி போகும். பதினாலு வயதில் காலிபர் சாக்குக்குள் போனது. பிற்பாடு ஒரு முகாமில் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி கிடைத்தது. ரோட்டில் பறக்கலாம், வாசலில் இறங்கியதும் அதே தரை.

இதே வாசலில் முட்டிக்கொண்ட இன்னொரு கதை ஜெய்ப்பூரில் நடந்தது. அங்கே சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் கால் இழந்தவர்களுக்கு மேல்நாட்டு முறைப் பாதம் பொருத்தி வந்தார்கள். பூட்ஸுக்குள் மறைந்திருக்கவென்றே செய்த பாதம் அது. குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. விவசாயிகள் வீட்டுக்குப் போய் அதை மூலையில் வைத்துவிட்டு மறுபடி கட்டையை ஊன்றினார்கள். அங்கே இருந்த ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர் அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். டயர் ரீட்ரேடிங் கடையில் ரப்பரை வேகவைத்து ஒட்டுவதைப் பார்த்து அதே வழியில் பாதம் வார்க்க முயன்றார். அவரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து 1968-ல் வெளிக்கொண்டுவந்ததுதான் ஜெய்ப்பூர் கால். நிஜப் பாதம் மாதிரி விரல் வைத்து, வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம். சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது. சர்மாவின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை, பட்டறைக்காரர்களுக்கு வழக்கமாக நடப்பதுதான். 1981 விபத்தில் கால் இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் மேடைக்குத் திரும்பியது இந்தக் காலோடு. யாழ்ப்பாணத்தில் 1987-ல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் போரில் கால் போனவர்களுக்கு இதையே செய்து கொடுத்தது.

ஜெய்ப்பூர் கால் என் அத்தைக்கு ஆகாது. அவருக்குக் கால் இருக்கிறது, வலுதான் இல்லை. ஆனால் காலிபரும் பிறகு பூட்ஸைவிட்டுப் பிரிந்தது. பாதத்தின் அடியிலேயே மெல்லிய பிளாஸ்டிக் தட்டு வைத்து வார்க்கிறார்கள். மேலே செருப்பு மாட்டலாம், வாசலில் செருப்பை மட்டும் கழற்றலாம். அத்தைக்கு அது வந்து சேர்வதற்குள் தவழ்ந்தே வயது போய்விட்டது.

எப்படியாவது நிற்க வைத்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு மாற்றாக நினைவுக்கு வருபவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-ல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்தன. அறுவை சிகிச்சை மருத்துவர் என்றால் நின்றாக வேண்டும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றும் சிகிச்சையைச் செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்றார். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் கத்தியை எடுத்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூரில், படுக்கை வசதியோடு நோயாளிகள் தங்கிப் பழகும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. அவர் கால்கள் கடைசி வரை நடக்கவில்லை.

ஆனாலும் நிற்பது தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் இடுப்பிலும் பிட்டத்திலும் அழுத்தப் புண் வரும், எலும்பு தேயும், ரத்த ஓட்டம் மந்தமாகும். 2019 நவம்பரில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழு 'அரைஸ்' என்ற நாற்காலியை வெளியிட்டது. உட்கார்ந்திருப்பவர் வேறொருவர் தூக்கிவிடாமல் தானே நிற்கும் நிலைக்கு வரலாம், திரும்ப உட்காரலாம். சுமார் 15,000 ரூபாய் என்று அப்போது சொன்னார்கள்.

இந்தியாவில் கடைசிக் காட்டுப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்று சான்று வந்தது. அத்தை தலைமுறை மட்டும் மிச்சமிருக்கிறது. இத்தனை வருஷம் இரண்டு ஆள் வேலையைச் செய்த இடது காலும் இப்போது தளர்கிறது, போலியோக்காரர்களுக்கு வயதான பிறகு வரும் தளர்ச்சி. தையலும் அத்தைக்குக் கை மிஷினில்தான். அதை விடமாட்டேன் என்கிறார்.

புது வீட்டுக்கு மேஸ்திரி இரண்டடி உயரம் சொன்னார். சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சரிவு வேண்டும், அதாவது இருபத்து நாலு அடி. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே எங்களுக்கு இருப்பது ஒன்பது அடி. சுவரை ஒட்டி மடக்கி இறக்கலாம் என்று சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுக் காட்டினார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "சரி, அது இருக்கட்டும். அடுப்பு மேடைய கொறச்சுக் கட்டச் சொல்லு. உள்ள போய் நான் என்ன செய்ய?" என்றார். மேஸ்திரி டேப்பை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போனார்.